நீறும் நெருப்பும்: பூதிகோட்டை என்னும் ஊர்ப்பெயரும் ஆக்கமொழிகளின் தீப்பெயர்களும்

ஒரு சொல்லை ஆக்கியவர் யார், அஃது எந்த ஆண்டில் எந்த நூலில் முதன்முதலாக எழுதப்பெற்றது என்னும் வினாக்களுக்கு இயற்கை மொழிகளில் விடை கிடைப்பது அரிது. 'தீ' என்னும் ஓரெழுத்தொருமொழியை முதற்கண் மொழிந்தவர் யார் என்று எவரும் வினவுவதில்லை, வினவினும் பயனில்லை. புனைகதைகளுக்காகவும் திரைப்படங்களுக்காகவும் தனியொருவரால் ஆக்கப்பெறும் மொழிகளின் நிலை வேறு. அங்கே நெருப்பைக் குறிக்கும் சொல்லுக்கு ஆசிரியர் உண்டு, ஆண்டு உண்டு, சில வேளைகளில் அச்சொல் பிறந்த காரணமும் எழுத்தில் உண்டு. ஊர்ப்பெயர்கள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. அவற்றுட் சிலவற்றுக்குப் பெயரிட்டோர் தெரியும், பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. தெரியாதவிடத்துப் பிற்காலத்தார் காரணம் கற்பிப்பர். கற்பித்த காரணமே நாளடைவில் வரலாறாகவும் நின்றுவிடும். நீற்றின் பெயரைத் தாங்கி நிற்கும் பூதிகோட்டையை இந்நோக்கில் ஆராய இடமுண்டு.

ஊரும் சூழலும்

பூதிகோட்டை கருநாடக மாநிலம் கோலார் மாவட்டத்துப் பங்காரப்பேட்டை வட்டத்தில், கோலார் தங்கவயலை அடுத்து அமைந்துள்ள ஊராகும். வரலாற்று நூல்களில் இவ்வூர் இடம்பெறுவது பெரும்பாலும் ஐதர் அலி பிறந்த இடம் என்னும் சிறப்பினாலேயே. சிராவை ஆண்ட முகலாயப் பகர ஆளுநர்களின்கீழ்க் கோலாரின் பௌசுதாராக இருந்த பத்தே முகம்மது இவ்வூரைச் சாகீராகப் பெற்றிருந்தார். அவருடைய மகனாக ஐதர் அலி 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்குப் பிறந்தார். தந்தை 1728இல் போரில் மாண்டபின் குடும்பம் இவ்வூரை விட்டு நீங்கியது.

கோலார் மாவட்டம் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒன்றோடொன்று கலந்து வழங்கும் நிலப்பகுதி. கங்கர் காலத்தில் குவளாலம் என வழங்கிய கோலார், சோழர் ஆட்சியில் நிகரிலிச் சோழமண்டலத்துள் அடங்கியது. கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பெஞ்சமின் லூயி ரைசு தொகுத்து 1905இல் வெளியிட்ட கருநாடகக் கல்வெட்டுத் தொகுதியின் பத்தாம் மடலம், இம்மாவட்டத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் எத்துணைப் பரவலாகக் காணப்படுகின்றன என்பதைக் காட்டும். 1880இல் சான் டெய்லர் நிறுவனத்தார் தங்கச் சுரங்கங்களை நடத்தத் தொடங்கியபின் வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர், அத்தொன்மையான தமிழ் வழக்கின்மேல் மற்றொரு படலமாகப் படிந்தனர். எனவே இப்பகுதியில் ஒரு பெயரைத் தமிழ் என்றோ கன்னடம் என்றோ வடமொழி என்றோ அறுதியிட்டுக் கூறுவது இலக்கணச் செய்தியாக மட்டும் நிற்பதில்லை. மண் யாருக்கு உரியது என்னும் வழக்குக்கு அது சான்றாக எடுத்தாளப்படுகிறது. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புக்கு முன்னும் பின்னும் எல்லைப்பகுதி ஊர்ப்பெயர்கள் இவ்வாறு வாதங்களுக்குள் இழுக்கப்பட்டமை பலரும் அறிந்ததே. பெயராய்வில் கூடுதல் கண்டிப்பு வேண்டப்படுவதும் இதனாலேயே.

பூதி என்னும் சொல்

இவ்வூர்ப்பெயருக்கு 'நீற்றுக்கோட்டை' அல்லது 'சாம்பற் கோட்டை' என்று பொருள் கூறப்பட்டு வருகிறது. கன்னடத்தில் பூதி என்பது சாம்பல். கோட்டெ என்பது கோட்டை. விபூதிபுரம் என்னும் வடமொழிப் பெயரும் இவ்வூர்க்கு உரைக்கப்படுவதுண்டு. பொருள் இவ்வாறு வெளிப்படையாகத் தோன்றினும், பூதி என்னும் முதற்கூறு எங்கிருந்து வந்தது என்பது எளிதில் தீர்க்கப்படுவதன்று.

முதலாவதாக, வடமொழியின் பூதி, விபூதி என்னும் சொற்களிலிருந்து இதனைப் பெறலாம். செல்வம், ஆற்றல் என்னும் பொருளுடைய அச்சொற்கள் சைவ வழக்கில் திருநீற்றைக் குறித்தன. ஒலிப்பும் மூச்சும் உடைய முதலெழுத்து மூச்சொலி நீங்கி வெறும் ஒலிப்புடைப் பகரமாதல் கன்னடத் தற்பவங்களில் இயல்பு.

இரண்டாவதாக, திராவிட மொழிகளிலேயே இதற்கு வேர் காணலாம். தமிழில் பூழி, பூழ்தி, புழுதி என்பன துகளைக் குறிக்கும். தமிழ் ழகரம் தெலுங்கில் டகரமாதல் நன்கறியப்பட்ட ஒலிமாற்றம். கோழி கோடி என்றும், ஏழு ஏடு என்றும், மேழி மேடி என்றும் வருதல் காண்க. சாம்பலைக் குறிக்கும் தெலுங்குச் சொல் பூடித என்பதாகும். அதன்கண் உள்ள டகரத்தை வடமொழிப் பூதியைக் கொண்டு விளக்குதல் கடினம். பூழ்தியைக் கொண்டு விளக்குதல் எளிது. தெலுங்கைப் பொறுத்தவரை திராவிட வேர்க்கே வலிமை மிகுதி எனலாம்.

கன்னடச் சான்று இதற்கு நேர்மாறாக நிற்கிறது. ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டு முதற் கன்னடத்தில் மொழிமுதற் பகரம் படிப்படியாக ஹகரமாயிற்று. தமிழின் பால், பல், புலி, பத்து, பூ என்பன அங்கு ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து, ஹூவு என வழங்குகின்றன. பூழ்தியோடு உறவுடைய பழஞ்சொல் ஒன்று ஒலிப்பில்லாப் பகரத்தோடு கன்னடத்தில் வழங்கியிருப்பின் அதுவும் ஹகரம் பெற்றிருத்தல் வேண்டும். சாம்பலைக் குறிக்கும் கன்னடப் பூதியோ ஒலிப்புடைப் பகரத்தோடு மாறாமல் நிற்கிறது. ஆகவே அச்சொல் வடமொழியிலிருந்தோ அண்டையிலுள்ள தெலுங்கிலிருந்தோ கன்னடத்துள் புகுந்திருத்தல் கூடும். பண்டி, பல்லி முதலிய சொற்கள் தெலுங்கில் ஒலிப்புடைப் பகரம் பெற்று வழங்குதலும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. பூதி என்பது ஆட்பெயராகவும் வழங்கியது. கொடும்பாளூர் இருக்குவேளிர் மரபில் பூதி விக்கிரமகேசரி என்னும் பெயர் உண்டு. பெரியபுராணத்து அப்பூதியடிகளை அறியாதார் இலர். ஆட்பெயரோடு கோட்டை என்பது சேர்ந்து ஊர்ப்பெயராதல் தமிழகத்திலும் கருநாடகத்திலும் வழக்கே. எனினும் பூதி என்னும் தலைவன் ஒருவனைப் பூதிகோட்டையோடு இணைக்கும் சான்று கிட்டாதவரை இதனை ஒரு வாய்ப்பாக மட்டுமே கொள்ளல் வேண்டும்.

இம்மூன்றனுள் ஒன்றையே மெய் எனக் கொண்டு ஏனையவற்றைத் தள்ளுதல் பொருந்தாது. ஒலியாலும் பொருளாலும் நெருங்கிய இரு சொற்கள், ஒன்று துகளைக் குறிப்பதும் மற்றொன்று திருநீற்றைக் குறிப்பதுமாய், மும்மொழி வழங்கும் நிலத்தில் ஒன்றன்மீது ஒன்று படிந்தன என்று கொள்வதே சான்றுகளுக்கு இயைந்தது. தமிழ் எழுத்து இப்படிதலை மேலும் மறைக்கிறது. ஒலிப்புடைப் பகரத்தையும் ஒலிப்பில்லாப் பகரத்தையும் தமிழ் ஒரே வரிவடிவால் எழுதுவதால், எந்த ஒலி வேறுபாட்டின்மீது வழக்கே நிற்கிறதோ அவ்வேறுபாடு தமிழ் எழுத்தில் தெரிவதில்லை. பூதி என்று எழுதப்பெற்றதைக் கண்ட மாத்திரத்தில் அதனைத் தமிழ்ச்சொல் என்று துணிதற்கு இதுவே காரணம்.

ககரம் மிகாமை

எழுத்து ஒன்றை மறைத்தாலும் புணர்ச்சி மற்றொன்றை வெளிப்படுத்துகிறது. தமிழ் வழக்கில் கோட்டை என்பது வருமொழியாகும்போது பெரும்பாலும் வல்லெழுத்து மிகும். புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, அருப்புக்கோட்டை, நிலக்கோட்டை என்பன காண்க. தேவகோட்டை, கந்தர்வகோட்டை என வடசொல் முன்னின்ற பெயர்களில் மிகாது. பூதிகோட்டை என்னும் வடிவமும் மிகாமையின் பாற்பட்டதே. தமிழர் வாயில் இயல்பாக உருவான பெயராயின் பூதிக்கோட்டை என வந்திருத்தல் வேண்டும். ககரம் மிகாமையால் இப்பெயர் முற்றுருவாகவே கன்னட, தெலுங்கு வழக்கிலிருந்து கடன்கொள்ளப்பட்டு, இறுதி மட்டும் தமிழ் ஓசைக்கு இசைய மாற்றப்பட்டது என்று கருதலாம்.

எல்லைக்கு இப்பால் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். கிருட்டினகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை ஆங்கில ஆவணங்களில் டெங்கணிக்கோட்டை என்னும் ஒலியோடு எழுதப்பட்டு வந்தது. தமிழ்ச் செவி அவ்வொலியில் தேனையும் கனியையும் கேட்டது, ககரமும் மிகுந்தது, பெயர் முழுதும் தமிழாயிற்று. ஓசூர்ப் பகுதி சென்னை மாநிலத்தோடு இருந்தமையும் அதற்குத் துணை நின்றது. பூதிகோட்டை மைசூர் மாநிலத்தில் அமைந்ததால் அதற்கு அவ்வாய்ப்பு நேரவில்லை. நேர்ந்திருந்தால் பூவும் தியும் பிரிக்கப்பட்டு வேறொரு கதை எழுந்திருக்கக்கூடும்.

பெயரிட்டவர் தெரிந்த பெயர்கூட இம்மாற்றத்திற்குத் தப்புவதில்லை என்பதற்குப் பங்காரப்பேட்டையே சான்று. மைசூரின் ஆணையராக 1862 முதல் 1870 வரை இருந்த லூயின் பௌரிங்கின் பெயரால் அவ்வூர் பௌரிங்பேட்டை எனப்பட்டது. தங்கவயலுக்குச் செல்லும் இருப்புப்பாதை அங்கிருந்து பிரிகிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் பங்காரம் என்பது பொன். பௌரிங் என்னும் அயற்பெயர் பங்காரம் என்னும் சொல்லுள் கரைந்தது. பௌரிங்கை அறியாத பின்வந்தோருக்குப் பொன் விளையும் நாட்டின் வாயிலுக்குப் பொன்னின் பெயர் அமைந்தது முற்றிலும் இயல்பாகவே தோன்றும். ஆவணங்கள் இல்லாதிருந்தால் பங்காரப்பேட்டை என்னும் பெயரைத் தங்கச் சுரங்கத்தோடு இணைத்துக் காரணம் கூறும் ஆய்வாளரை மறுக்க எவராலும் இயலாது. அக்காரணம் அத்துணைப் பொருத்தமானது, ஆனால் பிழையானது.

விபூதிபுரம் என்னும் வடமொழிப் பெயரையும் இவ்வாறே ஐயுற வேண்டியுள்ளது. முதுகுன்றம் விருத்தாசலமாகவும், மறைக்காடு வேதாரணியமாகவும் பெயர்க்கப்பட்டதைத் தமிழ்நாட்டில் காண்கிறோம். கோலாருக்கும் கோலாகலபுரம் என்னும் வடமொழி வடிவம் கற்பிக்கப்பட்டு, பரசுராமர் கதையோடு இணைக்கப்பட்டது. இவை போன்றே மக்கள் வழக்கிலிருந்த பூதியைக் கற்றோர் விபூதியாக்கிப் புரத்தோடு சேர்த்தனர் என்றல் பொருந்தும். விபூதிபுரம் சிதைந்து பூதிகோட்டை ஆயிற்று என்னும் தலைகீழ் வரலாற்றைக் காட்டிலும் இதுவே நேரியது.

ஆசிரியர் பெயர் தெரிந்த தீச்சொற்கள்

சொல்லைப் படைப்போர் செயற்படும் முறையைக் கண்முன் காண வேண்டின் ஆக்கமொழிகளை நாடுதல் வேண்டும். சமயகுருவாகிய செருமானியர் சிலேயர் 1879இல் வெளியிட்ட வோலாப்பூக் மொழியில் நெருப்பு 'பில்' எனப்படும். ரகர ஒலியை இயன்றவரை நீக்குதல் அவர் கொள்கையாதலால் ஆங்கிலத்துப் 'பயர்' என்பதன் இறுதி லகரமாகத் திரிந்தது. சமென்காப் 1887இல் வெளியிட்ட எசுப்பராந்தோவில் அதே ஐரோப்பிய வேர் 'பய்ரோ' என நின்றது. இவ்விரண்டும் உலகப் பொதுமொழிகளாக வேண்டும் என்னும் நோக்குடன் எழுந்தவை. எனவே அவற்றின் சொற்கள் பலர்க்கும் முன்பே தெரிந்தவையாக இருத்தல் வேண்டும் என்று ஆசிரியர்கள் எண்ணினர்.

புனைகதை மொழிகளின் நோக்கம் இதற்கு எதிரானது. அங்கே சொல் அயன்மையுடையதாக ஒலித்தல் வேண்டும். ஆயினும் பழமையுடையதாகவும் தோன்றுதல் வேண்டும். ஆக்சுபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த மொழிநூலறிஞர் டோல்கியன் தாம் படைத்த குவென்யா மொழியில் தீக்கு 'நார்' என்று பெயரிட்டார். அதன் கிளைமொழியாகக் காட்டப்பெறும் சிந்தாரினில் அச்சொல் 'நௌர்' என்றாகும். ஒரு மூலத்திலிருந்து இரு மொழிகள் பிரிந்தன என்று கொண்டு, ஒலிமாற்ற விதிகளையும் அவரே வகுத்து, அவ்விதிகளின்படி இரு வடிவங்களையும் அமைத்தார். கோழியும் கோடியும் போன்று நாரும் நௌரும் உறவுடையன; ஓர் உறவைக் காலம் அமைத்தது, மற்றதை ஒருவரே அமைத்தார் என்பதே வேறுபாடு. அவர் கதைமாந்தருள் ஒருவனாகிய பெயனோரின் பெயருக்குத் தீயின் ஆவி என்பது பொருள். அப்பெயருக்குள்ளும் நார் மறைந்துள்ளது.

அரபு மொழியில் நெருப்பைக் குறிக்கும் சொல்லும் 'நார்' என்பதே. ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்த இவ்விரு சொற்களைக் காணும் ஒருவர், டோல்கியனின் குறிப்புகள் கிடைக்காதிருப்பின், ஒன்று மற்றதன் வழித்தோன்றல் என்று துணிதல் இயல்பு. டோல்கியன் வகுத்த சொற்பிறப்போ தம் மொழிகளுக்குள்ளேயே வேர் காட்டி நிற்கிறது. ஓரசைச் சொற்களில் இத்தகைய தற்செயல் ஒப்புமை மிக எளிதில் நிகழும். பூதிக்கும் புழுதிக்கும் விபூதிக்கும் இடையில் ஒப்புமை ஒன்றை மட்டுமே கொண்டு வழக்குரைப்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

அமெரிக்கப் புதின ஆசிரியர் சார்சு மார்ட்டின் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட புதினத்தில் 'திரக்காரிசு' என்னும் சொல்லை வலீரிய மொழிச் சொல்லாக வழங்கினார். பறவைநாகம் உமிழும் நெருப்புக்கும் அதனை உமிழச் செய்யும் கட்டளைக்கும் அதுவே சொல். அப்போது வலீரிய மொழி என்று ஒன்று முழுமையாக இல்லை. சில சொற்களும் தொடர்களுமே இருந்தன. அக்கதை தொலைக்காட்சித் தொடராகியபோது டேவிட் பீட்டர்சன் என்னும் மொழியியலாளர் 2013ஆம் ஆண்டுப் பருவத்துக்கு அம்மொழியை முழு இலக்கணத்துடன் ஆக்கினார். பொதுவான நெருப்புக்கு 'பெர்சிசு' என்னும் சொல்லை அமைத்தார். முன்பே நாடறிந்துவிட்ட திரக்காரிசை மாற்ற அவருக்கு உரிமை இல்லை. ஆகவே அச்சொல்லுக்கு இடங்கொடுக்கும் வகையில் இலக்கணத்தை வகுக்க வேண்டியதாயிற்று. சொல் முன்னே, அதன் வேர் பின்னே என்னும் இம்முறை வியப்பளிக்கலாம். ஆனால் பூதிகோட்டைக்கு விபூதிபுரத்தையும், கோலாருக்குக் கோலாகலத்தையும் வேராகக் கண்டவர்கள் செய்ததும் இதுவன்றி வேறன்று. பீட்டர்சன் தாம் செய்வதை அறிந்து செய்தார்.

தமிழரிடையே இவ்வகை முயற்சி அண்மைக் காலத்தது. 2015இல் வெளிவந்த பாகுபலித் திரைப்படத்தில் காலகேயர் என்னும் வேற்றுக்கூட்டத்தார் பேசுவதற்காக மதன் கார்க்கி கிளிக்கி மொழியை ஆக்கினார். நான் என்பதற்கு 'மின்', நீ என்பதற்கு 'நிம்' எனத் தன்மையையும் முன்னிலையையும் ஒன்றன் எழுத்துகளைத் திருப்பி மற்றொன்றாக்கியமை அதன் எளிய அமைப்புக்குக் காட்டாகும். 2020ஆம் ஆண்டு உலகத் தாய்மொழி நாளன்று அதற்குரிய எழுத்துகளும் சொற்களும் பொதுமக்கள் கற்குமாறு வெளியிடப்பெற்றன.

குழூஉக்குறியும் குவளாலத்து இறைவனும்

மொழிக்குள் மொழி ஆக்குதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. ஒரு குழுவினர் பிறர் அறியாவண்ணம் ஒரு பொருளுக்கு இட்டுக்கொண்ட பெயரைக் குழூஉக்குறி என்று நன்னூல் தகுதி வழக்கின்கண் வைத்தது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றலும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றலும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்றலும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். இச்சொற்கள் முற்றிலும் புதியன அல்ல. மொழியில் முன்பே உள்ள ஒலிகளுக்குக் குழுவார் தம்முள் பேசி வைத்துக்கொண்ட பொருள் புதியது. இலக்கணம் இவற்றைப் பிழை என்று விலக்காமல் வழக்கு என்று ஏற்றமை பெருமைக்குரியது.

நன்னூலைப் பவணந்தி முனிவர் இயற்றுமாறு வேண்டியவன் சீயகங்கன் என்று அதன் பாயிரம் கூறும். மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178–1218) காலத்துக் கல்வெட்டுகளில் கங்கர் குலத்து அமராபரணன் சீயகங்கன், குவளாலபுரத்துக்கு இறைவன் என்னும் பட்டத்தோடு குறிக்கப்பெறுகிறான். கங்கர் தம் பழைய தலைநகரின் பெயரை விருதாகச் சுமந்து வந்தனர். பொன்னுக்குப் பொற்கொல்லர் இட்ட மறைபெயரை எடுத்துக்காட்டாகப் பெற்ற இலக்கணம், பிற்காலத்தில் தங்கவயல் எனப் பெயர்பெற்ற நிலப்பகுதியின் பட்டத்தைச் சுமந்தவன் வேண்டுகோளால் எழுந்தது. இது தற்செயலே, இதன்மேல் கோட்பாடு எதுவும் கட்டுதற்கில்லை. எனினும் கோலார்ப் பகுதிக்கும் தமிழ் இலக்கண வரலாற்றுக்கும் உள்ள இத்தொடர்பு பலராலும் மறக்கப்பட்டுள்ளது.

குழூஉக்குறியோடு ஒருங்கு வைக்கப்பட்ட மங்கல வழக்கு நெருப்பைப் பொறுத்தவரை மிகவும் வளமுடையது. சுடுகாட்டை நன்காடு என்பது உரைகாரர் காட்டும் சான்று. நாட்டு வழக்கில் விளக்கை அணை என்று சொல்லத் துணியாதார், விளக்கைக் குளிரவை என்பர், அமர்த்து என்பர், மலையேற்று என்பர். விளக்கு மலையேறியது என்னும் இதே மொழி தெலுங்கிலும் 'தீபம் கொண்டெக்கிந்தி' என வழங்குகிறது. இரு மொழியாரும் அருகருகே வாழ்ந்த நிலத்தில் எம்மொழி எதற்குக் கொடுத்தது என்று கூறுதல் அரிது. திரௌபதியம்மன் கோயில்களில் கனன்றெரியும் கங்குகள்மேல் நடத்தல் பூமிதித்தல் எனப்படுகிறது, அக்குழி பூக்குழி. தீயென்னும் சொல்லை நாவால் உரையாமல் தீயுள் இறங்குவோர்க்கு இம்மொழி ஒரு காப்பு. புனைகதையில் திரக்காரிசு என்னும் சொல் தீயை வரவழைக்கிறது. இங்கே பூ என்னும் சொல் தீயை அடக்குகிறது. சொல்லுக்கு ஆற்றல் உண்டென்னும் நம்பிக்கை இரண்டற்கும் பொது.

நெருப்பின் ஒவ்வொரு பருவத்துக்கும் தமிழில் தனிச்சொல் உண்டு. அழல், தழல், கனல், தணல், கங்கு, கரி, நீறு என எரிவதிலிருந்து அவிவது வரை அவை வரிசைப்படும். நெருப்பு என்பதன் இனச்சொல் தெலுங்கில் நிப்பு. கன்னடக் கிச்சும் தமிழ்க் கிச்சும் ஒன்றே. நீறு பூத்த நெருப்பு என்னும் தொடரில் சாம்பல் படிதலைப் பூத்தல் என்பது, பூக்குழியில் கங்கைப் பூவென்றதற்கு அணித்தாக நிற்பது காண்க.

சாம்பல் எங்கே?

பெயரில் உள்ள சாம்பல் மண்ணிலும் இருந்ததா என்னும் வினா எஞ்சுகிறது. வட கருநாடகத்தில் இவ்வினாவுக்குத் தெளிவான விடை உண்டு. பல்லாரி, இராய்ச்சூர், குல்பர்கா ஆகிய பகுதிகளில் புதிய கற்காலத்து மக்கள் மாட்டுச் சாணத்தைக் குவித்து எரித்ததால் உண்டான சாம்பல் மேடுகள் பல காணப்படுகின்றன. பல்லாரியை அடுத்த குடதினிக்கு அருகில் உள்ள மேட்டுக்குப் பூதி என்னும் பெயர் உண்டு. நியூபோல்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அதனைப் பற்றி எழுதினார். பத்தய்யா அகழ்ந்த புதிய கற்கால ஊரின் பெயரும் பூதிகாள் என்பதே. ஆல்சின் உத்தனூரில் 1957இல் செய்த அகழாய்வு, இம்மேடுகள் மாட்டுப்பட்டிகளில் அடுத்தடுத்து நிகழ்ந்த எரிப்பின் எச்சம் என்று நிறுவியது. அதற்கு முன் ஊரார் அவற்றை அரக்கரை எரித்த சாம்பல் என்றனர். அம்பிக்கு அருகிலுள்ள நிம்பாபுரத்து மேட்டை வாலியின் ஈமச்சாம்பல் என்றனர். அவ்விடங்களில் பெயர் மெய், காரணம் கதை.

கோலார் மாவட்டம் இம்மேடுகள் செறிந்த பரப்புக்கு வெளியே அமைந்தது. எனவே அவற்றை முன்னிட்டுப் பூதிகோட்டைக்குப் பொருள் காண்பது இப்போதைக்கு இயலாது. பண்டைத் தக்காணத்துச் சுரங்கத்தார் பாறையின்மேல் தீ மூட்டிச் சூடேற்றிப் பின் நீர் தெளித்துப் பிளந்து பொன்தாது எடுத்தனர் என்பதும் அறியப்பட்டதே. அத்தீயின் சாம்பலே இப்பெயர்க்குக் காரணம் என்று கூறும் ஆவலை அடக்குதல் வேண்டும். பங்காரப்பேட்டை கற்பித்த பாடம் அதுதான்.

ஐதரின் படைகள் வாணங்களை ஏவிப் போரிட்டமையும் இவ்வூர்ப்பெயரோடு தொடர்பற்றதே. 1780இல் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை தோல்வியுற்றபோது அதன் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தமை அப்போரின் போக்கை மாற்றியது. அம்பைக் குறித்த பாணம் என்னும் வடசொல் தமிழில் வாணமாகி, போர்க்களத்தில் அழிவையும் திருவிழாவில் வேடிக்கையையும் ஒரே பெயரால் சுட்டலாயிற்று. தீப்பெயர்கள் இடம்பெயர்தலுக்கு இதுவும் ஒரு சான்று. ஆனால் பூதிகோட்டை என்னும் பெயர் ஐதர் பிறப்பதற்கு முன்பே வழங்கியது.

இக்காலத்தில் பெயருக்குப் புதுக்காரணம் ஒன்று அவ்வூருக்கு அணித்தே வளர்ந்து நிற்கிறது. தாதுவைப் பொடியாக்கிச் சயனைடுக் கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவுத்துகள், தங்கவயல் நகரைச் சூழ வெளிறிய குன்றுகளாகக் குவிந்துள்ளது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டபின்னும் அக்குன்றுகள் அகற்றப்படவில்லை. காற்று மிகும் பருவத்தில் அத்துகள் எழுந்து தொழிலாளர் குடியிருப்புகளின் கூரைமேலும் உணவுக் கலங்கள்மேலும் படிகிறது. தொலைவிலிருந்து காண்பார்க்கு அவை எரிந்தாறிய சாம்பலையே ஒக்கும். சாம்பற் கோட்டை என்னும் பெயரை இக்குன்றுகளோடு இணைத்துரைக்க முற்படுவோர் வருங்காலத்தில் எழக்கூடும். சான் டெய்லர் நிறுவனத்தார் கோலாருக்கு வந்தது 1880இல். மார்க்கு வில்க்சு எழுதித் தம் தென்னிந்திய வரலாற்றின் முதல் மடலத்தை வெளியிட்டது 1810இல். ஐதர் அலி பிறந்த ஊராகப் பூதிகோட்டையின் பெயர் அவ்வரலாற்றிலேயே உண்டு.